எங்கள் கிணற்றுச் சுறா

அறுபதைத் தொட்டுவிட்ட என் சேக்காளிகளே, முட்டுவலித் தைலத்தை ஒரு பக்கமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுங்கள். போன வாரம் மகன் வெளிநாட்டிலிருந்து போனில் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடலில் குளிக்கப் போனானாம். சுறா தென்பட்டது என்று கடற்கரையையே அடைத்து, வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "நல்ல வேளை, தப்பிச்சோம்மா" என்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது, அது குரலிலேயே தெரிந்தது.

"இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லடா. எங்களுக்கும் ஒரு லீவு பூரா கெணத்த அடச்சுப் போட்டாங்க, சுறாவுக்குப் பயந்து."

"கெணத்துலயா? சங்கரன்கோவில்லயா?"

ஆமாம், சங்கரன்கோவிலில்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் விடியற்காலையில் புறப்பட்டு இரண்டு பஸ் மாற வேண்டிய ஊர். ஆவணியில் வானத்தைப் பார்த்து, ஐப்பசியிலும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். அந்த ஊரில்தான் சுறா எங்களை ஒன்றரை மாதம் ஆட்டிப் படைத்தது. மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. உங்களுக்கு வரும். ஏனென்றால் நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டவர்கள்தானே.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. புளியங்குடி போகிற ரோட்டில், ஊரைத் தாண்டி இரண்டு மைலில் பெரியப்பாவின் தோட்டம் இருந்தது. அங்கேதான் எங்கள் கிணறு. கல் கட்டிய பெரிய சதுரக் கிணறு. பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகளில் பக்கவாட்டாக இறங்க வேண்டும். உள்ளே புறாக்கள் குடியிருந்தன. மேலே நின்று ஒரு பெயரைச் சொன்னால் கிணறு அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லும். உச்சி வெயில் நேராக விழும் அரை மணி நேரம் மட்டும் தண்ணீர் பச்சைக் கண்ணாடியாகிவிடும். அடியில் கிடக்கும் உடைந்த குடம்கூடத் தெரியும். குளித்து ஏறி, சுட்டுக் கிடக்கும் கல்லில் வயிறு படக் குப்புறப் படுத்தால் வருமே ஒரு சுகம், அதற்கு ஈடாக இந்த வயது வரை எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நீச்சல் பழக எங்களுக்கு ஒரு நல்லெண்ணெய் டின் இருந்தது. மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் காற்றுப் புகாமல் அடைத்த டின். அதை முதுகில் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். அது எங்களை மிதக்க வைக்கும். கயிற்றில் கட்டினால் வயிறு உரியும் என்று அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து வார் செய்து தந்திருந்தாள். முடிச்சும் அவளே போடுவாள். எத்தனை குதி குதித்தாலும் அந்த முடிச்சு அவிழ்ந்ததில்லை. கிணற்றுப் பக்கமே வராத அம்மாவுக்கு அந்த முடிச்சு எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.

பெரியப்பா மகனும் நானும் ஒரே வயது. அவன் அதற்கு முந்தின கோடையிலேயே டின்னைக் கழற்றிவிட்டான். எனக்கு அந்தக் கோடையிலாவது கழற்றியே ஆக வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்குக் கிணறு பெரிய மனுஷி ஆகிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு வீட்டுக் கொல்லை, ஒரு வாளி, ஒரு சொம்பு, அவ்வளவுதான் நீச்சல். அந்த வருஷம் என் வகுப்பில் மூன்று பேருக்குச் சடங்கு வைத்துச் சாப்பாடு போட்டாகிவிட்டது. அடுத்தது எந்த வாரமோ, என் முறை எப்போதோ என்று நான் அரண்டு போயிருந்தேன். இந்தக் கோடை போனால் இந்த ஜென்மத்துக்கு டின்னோடுதான்.

அந்த நேரம் பார்த்தா ஊருக்குள் சுறா வர வேண்டும்?

விளம்பரத் தட்டி கட்டிய மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி வைத்து ஒருத்தர் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார். ஆளை விழுங்கும் சுறாவைப் பற்றிய இங்கிலீஷ் படம். கர்ப்பிணிகளும் இதயம் பலவீனமானவர்களும் பார்க்க வேண்டாம் என்று வேறு சொன்னார். அப்படிச் சொன்னால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? எங்கள் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி முதல் ஆட்டத்துக்கே போய்விட்டு வந்தாள்.

எங்கள் குடும்பத்தை அழைத்துப் போனது மாமா. அம்மாவின் தம்பி. சிவகிரியில் தோட்டம், எலுமிச்சை மூட்டைகளைப் புளியங்குடி மார்க்கெட்டில் போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். சட்டையிலும் பேச்சிலும் எலுமிச்சை மணக்கும். அவர் ஏற்கெனவே அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருந்தார். ஆகவே எங்களுக்கு முன்னாலிருந்தவர், பின்னாலிருந்தவர் எல்லாருக்கும் சேர்த்து அவர்தான் கதை சொன்னார். "இப்ப வரும் பாருங்க, இப்ப வரும் பாருங்க" என்று அவர் சொல்லச் சொல்லத் தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் எல்லாம் காலை மடித்து உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு வெள்ளைக்காரன் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தபோது பின்னாலிருந்து ஒரு அம்மாள், "ஏ பாவி மவனே, கால உள்ள இழு!" என்று கூவினாள். அவன் இழுக்கவில்லை. மிச்சத்தை நான் பார்க்கவில்லை, அம்மாவின் முந்தானைக்குள் இருந்தேன். அம்மா மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவள் சுறாவைப் பார்க்கவில்லை, அந்த அகலமான தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. எதையும் உத்தரவாகச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். மறுநாள் காலையில் காப்பியைக் குடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தார்.

"இனிமே இந்த வீட்டுல எவரும் கெணத்துல எறங்கக் கூடாது."

"எப்பா, கெணத்துல ஏதுப்பா சுறா?"

"சுறா இல்லேன்னா வேற என்னமும் இருக்கும். தண்ணிக்கு அடியில என்ன கெடக்குன்னு எவன் கண்டான்?"

நான் அழுதேன். சாப்பிட மாட்டேன் என்றேன். மதியம் வரை தாக்குப் பிடித்தேன், அன்றைக்குப் பார்த்து அம்மா உருளைக்கிழங்கு வதக்கியிருந்தாள். பெரியப்பாவும் அப்பா கட்சி சேர்ந்துகொண்டார். அவருக்குச் சுறாவின் மேல் பயமில்லை. நாங்கள் அவர் கத்தரிப் பாத்தியை மிதிப்பதில்தான் பயம். சுறா பெயரைச் சொல்லிப் பாத்தியைக் காப்பாற்றிக்கொண்டார்.

இப்போது நினைத்தால்தான் ஒன்று உறைக்கிறது. முந்தின வருஷம் அதே கிணற்றில் கூலிக்கு வந்த ஒருவர் கால் வழுக்கி விழுந்து செத்தே போனார். அதற்குத் தடை மூன்று நாள்தான். நாலாவது நாள் நாங்கள் குதித்துக்கொண்டிருந்தோம். மோட்டாருக்குப் போகிற வயர் தோல் உரிந்து படிக்குப் பக்கத்திலேயே தொங்கும். அதை ஈரக் கையால் ஒதுக்கிவிட்டு இறங்குவோம். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண் முன்னால் தொங்கிய எமனை விட்டுவிட்டு, கடலுக்குள் எங்கேயோ இருந்த ஒன்றுக்குப் பயந்து கிணற்றை அடைத்தார்கள், நம் பெரியவர்கள். நல்லவர்கள்தான், சினிமா பார்த்திருந்தார்கள்.

பெரியப்பா மகனுக்குச் சந்தேகமே இல்லை. கிணற்றில் சுறா உண்டு என்றே அடித்துச் சொன்னான். "கெணத்துல கெண்ட மீனு இருக்குல்லா, அத யாரு கொண்டுவந்து விட்டா? ஊத்துக்கண்ணு வழியாத்தான வருது? கெண்டைக்கு வழி இருந்தா சுறாக்குட்டிக்கு வழி இருக்காதோ?"  பதில் உங்களுக்குத் தெரிந்தால் இப்போதாவது சொல்லுங்கள்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். படத்தில் பெரிய இறைச்சித் துண்டை மாட்டிக் கடலில் போட்டார்கள். நாங்கள் சைவ வீட்டுப் பிள்ளைகள், இறைச்சிக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை அம்மா சுட்ட உளுந்த வடையில் ஒன்றைப் பதுக்கி, ஓட்டையில் சணல் கட்டி, வெயிலோடு வெயிலாகத் தோட்டத்துக்கு ஓடினோம். பெரியப்பா தூங்கும் நேரம். வடையை மெல்லக் கிணற்றுக்குள் இறக்கினோம். நூறு வரை எண்ணிவிட்டு மேலே இழுத்தோம். வடையில் பாதியைக் காணோம். மீதிப் பாதியில் சுற்றிலும் கடி.

அன்றைக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கத்தரிப் பாத்தியை மிதித்து, வரப்பில் விழுந்து எழுந்து, ரோட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டோம். வடைக்கு வந்தது கிணற்று ஆமையாக இருக்கும், இல்லை கெண்டைகளே கூடிக் கொத்தியிருக்கும். அதெல்லாம் இப்போதைய அறிவு. அப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. மூன்றாம் நாள் வேறு தோட்டக் கிணறுகளிலும் பிள்ளைகள் இறங்குவதை நிறுத்திவிட்டார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிணறுகளையெல்லாம் ஒரு உளுந்த வடை அடைத்துவிட்டது.

சித்திரை போய் வைகாசியும் பிறந்துவிட்டது. டின் பரணில் ஏறிவிட்டது. நான் காலண்டரைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தேன். அப்போதுதான் தம்பியின் நேர்த்தி வந்தது. தம்பிக்கு மூன்று வயது. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண்டம் தப்பியவன். பிழைத்தால் திருச்செந்தூரில் மொட்டை போட்டு, கடலில் மூன்று முங்கு முக்கி எடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். மாமா வேன் பேசினார். கிணறு போனால் போகட்டும், கடல் இருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவுக்குப் புரிந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு பச்சை பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தார். எதற்கு என்று அம்மா கேட்டாள். "அப்புறம் சொல்லுதேன்" என்றார்.

வேனில் புளிச்சோறும் வாளிகளும் நாங்களும். திருச்செந்தூரில் இறங்கியதும் முதலில் கேட்டது இரைச்சல், பிறகு உப்பு வாடை, அதற்குப் பிறகுதான் கடல். எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. அப்பா என் பின்னலைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடாமலே, கோவிலைவிட்டுத் தள்ளிக் கட்டுமரங்கள் ஏற்றிக் கிடந்த இடத்துக்கு விசாரணைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். அங்கே ஒரு மீன்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் வலையைக் கோர்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஆபீஸ் குரலில் கேட்டார். "இந்தப் பக்கம் சுறா நடமாட்டம் உண்டா?"

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உண்டு அண்ணாச்சி. பச்சையா வேணுமா, கருவாடா வேணுமா?"

கூடையைத் திறந்து காட்டினாள். ஒரு முழ நீளத்தில், சாம்பல் நிறத்தில், வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு மூன்று சுறாக்கள் கிடந்தன. மூன்றும் எங்களைவிடப் பயந்து செத்தது போல இருந்தன. "பிள்ள பெத்தவளுக்குப் பால் ஊறும். புட்டு வச்சா ஒரு சட்டிச் சோறு போதாது" என்றாள். அப்பா ஒரு அடி பின்னால் போனார். பரம்பரை சைவர். சுறாவைத் தின்கிற மனுஷர்கள் உண்டு என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். சுறா மனுஷரைத் தின்னும் என்பது மட்டும் அதற்கு ஒன்றரை மாதம் முன்பே தெரிந்துவிட்டது.

வலைக்காரர் தலையைத் தூக்கினார். "சுறா கடிக்கவே செய்யாதுன்னு சொல்ல மாட்டேன். ஆழத்துல பெருசு கெடக்கு. வலையில மாட்டுனத எடுக்கும்போது இந்தா, என் கையக் கடிச்சிருக்கு. அதும் உசிருக்குப் பயந்து கடிக்கத்தான செய்யும்? ஆனா குளிக்க வந்த ஆளத் தேடி வந்து கடிச்சத எங்க அப்பனும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. நீரு அலையப் பாரும். இழுவையப் பாரும். வருசா வருசம் ஆள் போறது அதுலதான். அங்கன பாற கெடக்கு, எறங்காதிய. இந்தக் கட்டுமரத்துக்கு நேரா எறங்குங்க, மணலு."

அவர் சொன்னதை ஒருவர் மட்டும்தான் காதில் வாங்கினார் என்று பின்னால் தெரிந்தது. அப்பாவும் மாமாவும் "ஆழத்துல பெருசு கெடக்கு" என்பதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மொட்டை போடும்போது தம்பி திமிறினான். கத்தி லேசாகப் பட்டு, உச்சந்தலையில் கடுகளவு ரத்தம் வந்தது. மாமா எழுந்தே விட்டார். "அத்தான், ரத்தம்! இந்த வாடைய அது அஞ்சு மைலுக்கு அங்கிட்டிருந்தே மோந்துரும். படத்துல பாத்தோம்லா? பிள்ளையக் கடல்ல எறக்கவே கூடாது!"

பிள்ளையை முக்கி எடுக்க வேண்டியதே தாய்மாமன்தான். அப்பா வாளிகளின் காரணத்தை அப்போது வெளியிட்டார். "எனக்கு மொதல்லயே தெரியும். கடலுக்கு நாம போக வேண்டாம். கடல நம்மகிட்ட கொண்டாருவோம்." மாமா அலை வந்து தொட்டுப் போகும் இடத்தில் வாளியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அலை வந்ததும் வாளியோடு பின்னால் ஓடினார். ஒரு வாளி நிறைய எட்டு ஓட்டம் ஆயிற்று. பாதி மணல். சுற்றிலும் ஊர் ஊராக வந்த ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு கடலில் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்க, சங்கரன்கோவில்காரர்கள் நாங்கள் மட்டும் கரையில் நின்று வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

 மாமா வாளியைத் தம்பியின் தலைக்கு மேல் தூக்கினார். அம்மா அதைத் தட்டிவிட்டாள். வாளி உருண்டு அலையோடு போயிற்று.

"நான் முருகன்கிட்ட நேந்தது கடல்ல முக்கி எடுக்கேன்னு. வாளியில ஊத்துதேன்னு நேரல."

சேலையை இழுத்துச் செருகினாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வலைக்காரர் காட்டிய கட்டுமரத்துக்கு நேராக நடந்தாள். ஒரு அலை, இரண்டு அலை. இடுப்பளவில் நின்று, "முருகா" என்று மூன்று முங்கு முக்கி எடுத்தாள். தம்பி வீறிட்டான், பிறகு சிரித்தான். அவனைத் திரும்பக் கொண்டுவந்து மாமாவின் கையில் திணித்தாள். அத்தோடு ஏறிவிடுவாள் என்று நினைத்தோம். அவள் மறுபடி திரும்பினாள். வந்த அலைக்குத் தலையைக் குனிந்து கொடுத்து, அதற்கு அந்தப் பக்கம் எழுந்து, கையை எடுத்து வீசினாள்.

அம்மா நீந்தினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் கொல்லையில் வாளித் தண்ணீரில் குளிக்கிற என் அம்மா, கடலில், சேலையோடு, ஆம்பிளைகளைப் போல வலக்கை இடக்கை மாற்றி மாற்றிப் போட்டு நீந்தினாள். பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டாள். அலை அவளைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தாழ்த்தியது.  இப்படி ஒருத்தி என் வீட்டில் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாளா?

"ஏட்டி! ஏட்டி! வா இங்க! ஆழத்துல பெருசு கெடக்கு!" அப்பா கரையில் நின்று கத்தினார். அம்மாவுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டது. அப்போது எங்கள் அப்பா ஒரு காரியம் செய்தார். அதற்காக அவர் செய்த மற்ற எல்லாவற்றையும் நான் மன்னித்துவிட்டேன். நீச்சல் தெரியாத மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கடலுக்குள் ஓடினார்.

முட்டளவுத் தண்ணீரிலேயே அலை அவரைக் கவிழ்த்தது. எழுந்தார். அடுத்த நொடி, "கடிச்சிட்டு! கடிச்சிட்டு! கால்ல கடிச்சிட்டு!" என்று ஒரே அலறல். மாமா தம்பியைத் தூக்கிக்கொண்டு கோவில் படி வரைக்கும் ஓடினார். திரும்பியே பார்க்கவில்லை. வலைக்காரர்தான் நாலு எட்டில் வந்து அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, காலடியில் துழாவி எடுத்து மேலே காட்டினார். பச்சை வாளி.

"இந்தா அண்ணாச்சி, ஒம்ம சுறா. காது வேற வச்சிருக்கு."

கடற்கரையே சிரித்தது. மீன்காரம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். என் பின்னலைப் பிடித்திருந்த அப்பாவின் கை இப்போது அங்கே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டின்னும் இல்லை, வாரும் இல்லை. அப்படியே ஓடினேன். வலைக்காரர் பக்கத்திலேயே தண்ணீரில் நின்றதால் தைரியம். மார்பளவு வந்ததும் காலை உதறிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் நம்மைக் கீழே இழுக்கும். உப்புத் தண்ணீர் தூக்கியது. மூக்கிலும் வாயிலும் ஏறிற்று, கண் எரிந்தது, ஆனாலும் கை போனது, கால் போனது, நான் போனேன். எண்ணிக்கொண்டே போனேன். பதினோரு கை. பன்னிரண்டாவது கை அம்மாவின் தோளில் பட்டது.

அவள் பதறவில்லை. "வந்துட்டியா?" என்றாள், அடுப்படிக்குள் வந்தவளைக் கேட்பது போல. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மிதந்தோம். அத்தனை சந்தோஷமான முகத்தோடு அம்மாவை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தார். திருநெல்வேலி தாண்டிய பிறகுதான் அப்பா கேட்டார்.

"ஏட்டி, ஒனக்கு நீச்சல் தெரியும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"ஒன் தம்பியும் சொல்லலியே."

"அவன் அப்பத் தொட்டில் பிள்ள, அவனுக்கு என்ன தெரியும்? சிவகிரியில எங்க கெணத்துல பயலுக எவனும் எங்கூடப் போட்டிக்கு நிக்க மாட்டான். பதிமூணு வயசுல பெரிய மனுசி ஆனேன். அதுக்கப்புறம் கெணத்தடிக்குத் துணி அலசத்தான் போனேன். உள்ள எட்டிப் பாத்தா அழுக வரும்னு எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்." பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "கையி மறக்கல" என்றாள்.

அப்பா ஈர வேட்டியைப் பிழிந்து பிழிந்து விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் கிணறு திறந்துவிட்டது. உத்தரவு ஒன்றும் வரவில்லை, தடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். லீவில் மிச்சமிருந்த ஒன்பது நாளும் நான் டின் இல்லாமல் குதித்தேன். பெரியப்பா மகனுக்குச் சுறாப் பயம் போக ஆறு நாள் ஆயிற்று. கத்தரிப் பாத்தி திரும்ப மிதிபட்டது. பள்ளிக்கூடம் திறந்து, தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் ஊருக்குள் வந்து போன ஆடி மாதத்தில், நான் பயந்தது நடந்தது. பெரிய மனுஷி ஆனேன்.

பதினாறு நாள் தனி அறை. உளுந்தங்களி, நல்லெண்ணெய். பச்சை முட்டை எங்கள் சைவ வீட்டில் கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல். சடங்கு நடந்தது, மாமா சீர் கொண்டுவந்தார். பட்டுப்பாவாடை உடுத்தி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சொந்தக்காரப் பெண்கள் கன்னம் வழித்தார்கள். எனக்கு மனசு கிணற்றில் இருந்தது. முடிந்துவிட்டது என்று தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா என்னை எழுப்பினாள். அவள் தோளில் இரண்டு துண்டு கிடந்தது.

"கெளம்பு."

"எங்கம்மா?"

"கெணத்துக்கு."

வாசலில் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். கக்கத்தில் கறுப்புக் குடை. அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சடங்கு கழிந்த பிள்ளையை எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று ஒருத்தி வாசலிலிருந்து கேட்டாள். அப்பாதான், "தோட்டத்துக்கு" என்றார்.

அம்மாவும் நானும் கல் படிகளில் இறங்கினோம். அம்மா கடைசிப் படியில் நின்று தண்ணீரைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குதித்தாள். புறாக்கள் சடசடவென்று பறந்தன. நானும் குதித்தேன். அப்பா மேலே கிணற்று மேட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடையை விரித்து நின்றார். ரோட்டுப் பக்கமாக ஆள் வந்தால், "அந்தப் பக்கமாப் போங்கய்யா, பொம்பளைக குளிக்காக" என்று அவர் சொல்வது கிணற்றுக்குள் மூன்று தடவை கேட்டது.

அம்மா மல்லாந்து மிதந்துகொண்டே கூப்பிட்டாள். "ஏங்க, எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பீய? அந்த வேப்ப மர நிழலுக்குப் போங்களேன். இங்க என்ன வந்துறப் போவுது?"

அவர் திரும்பாமலே சொன்னார்.

"சுறா வராது. ஆளு வரும்லா. அதுக்குத்தான் நிக்கேன்."

உச்சி வெயில் கிணற்றுக்குள் நேராக விழும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றார். குடையை மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.